ஒயின் தோட்டங்களுக்குச் சுற்றுலா கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒயின் விளையும் ஊர்களுக்குப் போய்வந்தேன் என்று சொன்னாலே போதும், கேள்விகள் வரிசையாக வந்துவிடும். ஒன்றும் தெரியாமல் போகலாமா, துப்பச் சொல்வார்களாமே, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்கள்தான். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லாவற்றையும் ஓர் இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒயினைக் கடையிலும் வாங்கிக் குடிக்கலாம். அது எந்த மண்ணில், எந்தச் சரிவில், யார் கையால் உருவாகிறது என்பதை அங்கே போனால்தான் பார்க்க முடியும். பயணத்தை அதற்காகத் திட்டமிடுங்கள்.

ஒயினரி என்றால் என்ன? தோட்டமா, தொழிற்சாலையா, கடையா?

பெரும்பாலும் மூன்றும்தான். திராட்சைத் தோட்டம், பழத்தை நசுக்கி நொதிக்க வைக்கும் கூடம், பீப்பாய்களை அடுக்கி வைக்கும் நிலவறை, வந்தவர்கள் ருசி பார்க்க ஓர் அறை என எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். சிலர் பழத்தை வெளியில் வாங்கி ஒயின் மட்டும் செய்வார்கள். சிலருடைய டேஸ்டிங் அறை ஊருக்குள் தனியாக இருக்கும். அங்கே கொடியும் இருக்காது, பீப்பாயும் இருக்காது. போர்ச்சுகலின் போர்ட் ஒயினையே எடுத்துக்கொள்ளுங்கள். திராட்சை விளைவது டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் மலைச்சரிவுகளில். காலங்காலமாக அது பீப்பாயில் முதிர்வதோ, அதே ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள விலா நோவா டி காயாவில்.

அதனால் பதிவு செய்வதற்கு முன், "தோட்டத்தைப் பார்க்க முடியுமா? நிலவறைக்குள் கூட்டிப் போவீர்களா?" என்று இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

ஒயினைப் பற்றி எனக்கு ஒண்ணுமே தெரியாது. போனால் மானம் போகுமா?

போகாது. ஊற்றிக் கொடுக்கிறவர்களுக்கு நாள் முழுவதும் அதுதான் வேலை. தெரிந்தமாதிரி காட்டிக்கொள்கிறவரைவிட, "எனக்கு இது புதுசு, நீங்களே சொல்லுங்கள்" என்கிறவரிடம்தான் அவர்கள் அதிக நேரம் நின்று பேசுவார்கள். இதை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன். எது பிடிக்கும், எது பிடிக்காது என்று உங்களுக்குத் தெரிந்த சொற்களில் சொன்னால் போதும்: புளிப்பு தூக்கல், இனிப்பு இல்லை, வாயை இழுக்கிறது. அவர்களுக்குப் புரியும்.

பேர் போன இடத்துக்குத்தான் போகணுமா? சின்ன இடம் என்றால் ஒயின் சுமாராக இருக்குமா?

பெயருக்கும் கோப்பையில் இருப்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் 1976 மே 24 அன்று பாரிஸில், பிரான்ஸின் பேர் போன ஒயின்களுக்கும் கலிபோர்னியா ஒயின்களுக்கும் நடந்த போட்டி. லேபிளை மறைத்து ஊற்றினார்கள். மதிப்பெண் போட்டவர்கள் பிரான்ஸைச் சேர்ந்த நிபுணர்கள். வெள்ளை ஒயினில் முதலிடம் ஷாட்டோ மான்டெலீனா, சிவப்பில் முதலிடம் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லார்ஸ். இரண்டுமே அமெரிக்காவின் நாபா பள்ளத்தாக்கிலிருந்து வந்த 1973ஆம் ஆண்டு ஒயின்கள். அன்றைக்கு உலகம் பெரிதாக மதிக்காத ஊர் அது.

என் யோசனை, ஒரு பெரிய இடமும் ஒரு சின்ன இடமும் பாருங்கள். பெரிய இடத்தில் கட்டடம், நிலவறை, விளக்கம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். முதல் முறை போகிறவர்களுக்கு மொத்தச் செயல்முறையும் தெளிவாகப் புரியும். சின்ன இடத்தில் கதவைத் திறப்பவரே கொடியை வெட்டியவராகவும் ஒயினைச் செய்தவராகவும் இருப்பார். மனதில் நிற்பது அந்தச் சந்திப்புதான். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், பலகை வைத்து வழிகாட்டும் ஒயின் சாலைகள் நல்ல தொடக்கம். ஜெர்மனியின் ஒயின் சாலை 1935லிருந்து இருக்கிறது, நீளம் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். பிரான்ஸின் அல்சாஸ் ஒயின் சாலை 1953இல் தொடங்கியது, சுமார் 170 கிலோமீட்டர். ஊர் ஊராக நின்று நின்று போகலாம்.

எந்த மாதம் போவது நல்லது?

பூமியின் வட பாதியில் அறுவடை பொதுவாக ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. தென் பாதியில், அதாவது ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, சிலி, அர்ஜென்டினா பக்கம், பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. அறுவடை நேரத்தில் கூடம் முழுக்க நொதிக்கும் வாசனை, டிராக்டர் சத்தம், ஈரத் தரை என இடமே உயிரோடு இருக்கும். ஆனால் யாருக்கும் உங்களோடு நின்று பேச நேரம் இருக்காது, கூட்டமும் அதிகம்.

அறுவடைக்குச் சில வாரம் முன்பு போனால் பச்சைக் காய்கள் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். ஒரே குலையில் பச்சை, இளஞ்சிவப்பு, கருநீலம் மூன்றும் கலந்து தொங்கும். குளிர்காலத்தில் கொடிகள் மொட்டையாக நிற்கும், படம் எடுக்க ஒன்றும் இருக்காது. ஆனால் ஆட்கள் ஓய்வாக இருப்பார்கள். நான் இதுவரை கேட்ட நல்ல பேச்சுகள் எல்லாம் குளிர்காலத்தில் கேட்டவைதான்.

முன்பதிவு அவசியமா? நேராகப் போய் நின்றால் விடமாட்டார்களா?

இடத்தைப் பொறுத்தது, ஆனால் பதிவு செய்துவிட்டுப் போவதுதான் நிம்மதி. நாபா மாவட்டத்தில் 1990க்குப் பிறகு அனுமதி பெற்ற ஒயினரிகள் முன்பதிவு இல்லாமல் பார்வையாளர்களை ஏற்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஐரோப்பாவின் சின்ன ஒயினரிகளில் வேறு காரணம்: வீட்டோடு சேர்ந்த இடம், மதியம் பூட்டிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை திறக்கவே மாட்டார்கள். வர முடியாமல் போனால் ஒரு வரி எழுதிச் சொல்லிவிடுங்கள். உங்களுக்காக ஒருவர் தோட்ட வேலையை விட்டுவிட்டுக் காத்திருப்பார்.

ஒரு நாளில் ஐந்து, ஆறு இடம் பார்த்துவிடலாமா?

பார்க்க முடியும், ஆனால் ஒன்றும் நினைவில் நிற்காது. இரண்டு இடம் நல்லது, மூன்றுதான் எல்லை. நன்றாகச் சுற்றிக் காட்டி ருசி பார்க்க வைக்கும் இடத்தில் ஒன்றரை மணி நேரம் சாதாரணமாக ஓடிவிடும். அப்புறம் நாக்கும் சோர்ந்துபோகும். பத்து பன்னிரண்டு ஒயினுக்குமேல் சிவப்பு எல்லாம் ஒரே மாதிரி தோன்ற ஆரம்பிக்கும். தொழில்முறையில் ருசி பார்ப்பவர்கள் பயிற்சியால் தாங்குகிறார்கள், நமக்கு அது இல்லை.

சுற்றிக் காட்டும் இடத்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். நாக்கு காலையில்தான் தெளிவாக இருக்கும். நடுவில் வயிறாரச் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றோடு இரண்டாவது இடத்துக்குப் போகவே போகாதீர்கள்.

சுற்றிக் காட்டும்போது எதைக் கவனிப்பது? எல்லா இடத்திலும் தொட்டியும் பீப்பாயும்தானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் பயணத்தின் சாரமே இதில்தான் இருக்கிறது.

முதலில் தோட்டம். சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, மண் கல்லா களிமண்ணா, கொடிக்குக் கொடி எவ்வளவு இடைவெளி என்று கேளுங்கள். ஒருமுறை அறுவடைக் காலத்தில், வரிசையில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் அம்மா ஒரு கறுப்புத் திராட்சையைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்து, "விதையோடு மெல்லுங்கள்" என்றார். தோல் தடிப்பாக இருந்தது, சதை தேன் மாதிரி. விதை பழுப்பு நிறத்தில், வறுத்த கொட்டை மாதிரி மொறுமொறுவென்று உடைந்தது. அப்புறம் சரிவின் அடிவாரத்திலிருந்து இன்னொரு பழம் கொடுத்தார். பார்க்க அதே கறுப்பு, அதே இனிப்பு. ஆனால் விதையில் பச்சை விட்டுப்போகவில்லை. கடித்ததும் கசந்து வாயில் ஒட்டியது. "மேலே நாளைக்கு வெட்டுவோம். கீழே இன்னும் ஒரு வாரம்" என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். அறுவடை நாளை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று எத்தனையோ படித்திருக்கிறேன். புரிந்தது அந்த இரண்டு விதைகளில்தான்.

அடுத்தது நொதிக்கும் கூடம். வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் நொதிக்க விடுவார்கள். சிவப்புக்குத் தோலும் விதையும் சேர்ந்தே நொதிக்கும். நிறமும் துவர்ப்பும் அங்கிருந்துதான் வருகிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடும். அந்த வாயு தோலையெல்லாம் மேலே தள்ளி ஒரு கனத்த தொப்பி மாதிரி ஆக்கிவிடும். அதை ஒரு நாளில் பலமுறை உள்ளே அழுத்துவார்கள், அல்லது அடியிலிருந்து சாற்றை எடுத்து மேலே ஊற்றுவார்கள். பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் தொட்டிக்குள் தலையை நீட்டக் கூடாது. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கி நிற்கும். அதில் மூச்சுத் திணறி உயிர்விட்டவர்கள் உண்டு.

கடைசியாக நிலவறை. பீப்பாயின் முகப்பில் எந்தக் காட்டு ஓக் மரம், உட்புறத்தை எவ்வளவு தீயில் வாட்டியிருக்கிறார்கள் என்று முத்திரை இருக்கும். பிரான்ஸின் போர்டோ வகைப் பீப்பாய் 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஒயின் ஆவியாகிக் குறையும், அதை அவ்வப்போது நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். "இதில் புதுப் பீப்பாய் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். புது மரம் வனிலா வாசனையை அதிகம் கொடுக்கும். மூன்று நான்கு முறை பயன்படுத்தியது ஏறத்தாழ ஒன்றும் கொடுக்காது. ஒயின் செய்பவரின் ருசி என்ன என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். கூடவே ஒரு மேல்சட்டை கொண்டு போங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் நிலவறைக்குள் பல இடங்களில் 12, 13 டிகிரிதான்.

தோட்டத்துக்குள் இறங்கி நடக்கலாமா? படம் எடுக்கத்தான்.

கேட்காமல் இறங்காதீர்கள். இது வெறும் மரியாதைக்காகச் சொல்வது அல்ல. ஃபிலாக்ஸெரா என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி திராட்சையின் வேரைத் தாக்கும். 1860களில் பிரான்ஸுக்குள் வந்து, பின்னர் ஐரோப்பாவின் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அதைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். இன்றும் உலகின் பெரும்பாலான கொடிகள் அப்படி ஒட்டுக்கட்டியவையே.

தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு அந்தப் பூச்சி இதுவரை வரவில்லை. அதனால்தான் அங்கே பரோசா பள்ளத்தாக்கில் 1840களில் நட்ட கொடிகள் சொந்த வேரிலேயே நின்று இன்னும் காய்க்கின்றன. பூச்சி பயணம் செய்வது செருப்பில் ஒட்டிய மண்ணிலும் வண்டிச் சக்கரத்திலும்தான். வேலியில் "உள்ளே நடக்காதீர்கள்" என்று பலகை இருந்தால் காரணம் இதுதான். வரிசைக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டேஸ்டிங் என்றால் எவ்வளவு ஊற்றுவார்கள்? முழு கிளாஸா?

இல்லை. ஒவ்வொன்றிலும் 30 முதல் 60 மில்லி வரை, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு ஒயின். கொஞ்சமாகத் தோன்றும், ஆனால் கூட்டிப் பாருங்கள்: 50 மில்லி வீதம் ஐந்து என்றால் 250 மில்லி, அதாவது 750 மில்லி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. இதுவே மூன்று இடம் என்றால் ஒரு முழு பாட்டில்.

வரிசை பெரும்பாலும் நுரை ஒயின், வெள்ளை, ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின், சிவப்பு, கடைசியில் இனிப்பு. கனமானதைக் குடித்துவிட்டு மெல்லியதற்கு வந்தால் மெல்லியது தண்ணீர் மாதிரி இருக்கும், அதனால்தான். ஊற்றியதை முழுவதும் குடித்தாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கிளாஸை ஏன் சுற்றுகிறார்கள்? ருசி பார்ப்பதற்கு முறை ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, எளிமையானதுதான். கிளாஸின் காம்பைப் பிடியுங்கள். கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஏறும், விரல் தடமும் விழும். முதலில் சுற்றாமல் முகருங்கள். அப்புறம் நாலு சுற்றுச் சுற்றி மறுபடி முகருங்கள். சுற்றும்போது காற்று பட்டு வாசனை கிளம்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். பிறகு ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கு முழுக்க உருட்டுங்கள். விழுங்கிய அல்லது துப்பிய பிறகு எத்தனை நொடி வாயில் நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். நல்ல ஒயினுக்கும் சுமாரானதற்கும் வித்தியாசம் பல நேரம் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. அன்றைக்கு சென்ட் மட்டும் போடாதீர்கள். உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் வேறு வாசனையே தெரியாமல் போய்விடும்.

நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. சிவப்பு ஒயினில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலில் இருக்கும் புரதத்தோடு சேர்ந்துகொண்டு வாயை வறட்டிப் பிடிக்கும். பாலில்லாத கடுந்தேநீரிலும் இதே உணர்வு வரும். நாம் துவர்ப்பு என்று ஒரே சொல்லில் சொல்லி, அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கிறோம். கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று சின்ன வயதிலேயே நமக்குத் தெரியும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் சொல்ல முடிகிறவருக்கு சிவப்பு ஒயின் பாதி புரிந்தமாதிரி.

துப்புவதா? எல்லோர் முன்னாலும் எச்சில் துப்ப எப்படி மனசு வரும்?

முதல் முறை எல்லோருக்கும் கூச்சம்தான். ஆனால் அந்த மேசையில் வாளி வைத்திருப்பதே அதற்காக. ஒயின் செய்கிறவர்கள், வாங்கி விற்கிறவர்கள் எல்லோரும் துப்பித்தான் ருசி பார்க்கிறார்கள். அங்கே அது தொழில் மரியாதை. வாளியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, குனிந்து, மெல்லிய தாரையாகத் துப்புங்கள். விடுதி அறையில் தண்ணீரை வைத்து நாலு தடவை பழகிவிட்டுப் போனால் கூச்சம் பாதியாகக் குறைந்துவிடும். அதுவும் முடியாது என்றால் ஒரு காகிதக் கோப்பை கேளுங்கள், கையில் வைத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் துப்பலாம். ருசியில் ஒன்றும் குறையாது.

நான்தான் காரை ஓட்டணும். கொஞ்சம் கொஞ்சம் குடித்தால் பரவாயில்லையா?

வண்டி ஓட்டுகிறவர் குடிக்க வேண்டாம். மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 250 மில்லி ஒயின், 14 சதவீத ஆல்கஹால் என்றால் சுத்த ஆல்கஹால் 35 மில்லி. அதை உடல் எரித்து முடிக்க மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் இரத்தத்தில் அனுமதிக்கப்படும் அளவு 0.05 சதவீதம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 0.08. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்குப் பல நாடுகளில் இன்னும் கடுமை. துப்பினாலும் வாயின் வழியே கொஞ்சம் ஏறத்தான் செய்யும். தோட்டச் சாலைகள் பெரும்பாலும் குறுகியவை, வளைவுகள் அதிகம், சைக்கிளில் வருகிறவர்களும் உண்டு.

ஒருவர் அன்றைக்குக் குடிப்பதில்லை என்று காலையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், அல்லது வாடகை வண்டி, சுற்றுலா வேன் பேசிவிடுங்கள். நடந்தே போகிற தூரத்தில் இரண்டு ஒயினரி உள்ள கிராமத்தில் தங்குவது எல்லாவற்றையும்விடச் சிறந்தது. என் பயணங்களில் மிக நிம்மதியானவை அப்படிப்பட்டவைதான்.

நான் குடிக்கவே மாட்டேன். வீட்டுக்காரருக்காகப் போகிறேன். எனக்கு அங்கே என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. தோட்டம், கூடம், நிலவறை எதற்கும் கோப்பை தேவையில்லை. முகர்ந்து பார்ப்பதே பாதி ருசி. விழுங்காமல் அந்த விளையாட்டில் முழுசாகக் கலந்துகொள்ளலாம். அதே திராட்சையின் நொதிக்காத சாறு வைத்திருக்கும் இடங்களும் உண்டு, கேளுங்கள். பதிவு செய்யும்போதே "இவர் ருசி பார்க்க மாட்டார்" என்று சொன்னால் பல இடங்களில் அந்தக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

கர்ப்பமாக இருந்தால் ஒரு வாய்கூட வேண்டாம்; பாதுகாப்பான அளவு என்று மருத்துவம் எதையும் சொல்லவில்லை. குழந்தைகளைப் பொறுத்தவரை, சில இடங்களில் புல்வெளியும் ஆடுமாடும் இருக்கும், சில இடங்களில் உள்ளேயே விடமாட்டார்கள். ருசி பார்க்கும் வயதும் நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் 21, ஆஸ்திரேலியாவில் 18.

ஒயின் சைவம்தானே? திராட்சையில் செய்வதுதானே?

செய்வது திராட்சையில்தான், ஆனால் தெளிய வைக்கும்போது வேறு பொருள்கள் சேரலாம். கலங்கலை அடியில் இறக்க முட்டை வெள்ளைக்கரு, பாலிலிருந்து எடுக்கும் கேசீன், மீனின் காற்றுப்பையிலிருந்து செய்யும் பசை, விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இவற்றில் ஒன்றைச் சேர்ப்பது பழைய வழக்கம். அவை கலங்கலோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும், ஒயினைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். பென்டோனைட் என்ற களிமண்ணை மட்டும் பயன்படுத்துகிறவர்களும், தெளிய வைக்காமலே பாட்டிலில் அடைப்பவர்களும் இருக்கிறார்கள்.

லேபிளைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். ஐரோப்பிய ஒன்றியத்தில் முட்டை அல்லது பாலின் எச்சம் இருந்தால் குறிப்பிட்டாக வேண்டும். மீன் பசைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. செய்தவரே எதிரில் நிற்கும்போது கேட்டுவிடுவதுதான் வழி. "எதை வைத்துத் தெளிய வைக்கிறீர்கள்?" என்று கேட்டால் போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லலாமா?

சொல்லலாம். "இது எனக்குக் கொஞ்சம் துவர்ப்பு அதிகம், மென்மையாக ஏதாவது இருக்கிறதா?" என்றால் அவருக்கு அது பயனுள்ள தகவல், அடுத்து எதை ஊற்றுவது என்று தெரியும். மீதியை வாளியில் ஊற்றிவிடுங்கள். "மோசம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு வருட உழைப்பு அது.

ஒயின் கெட்டுப்போயிருக்கிறதா, அல்லது அதன் ருசியே அப்படியா? எப்படித் தெரியும்?

நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த நிலவறை மாதிரி வாசனை வந்து பழ வாசனையே இல்லையென்றால் அது தக்கை நோய். டிசிஏ என்ற வேதிப்பொருள் கார்க்கிலிருந்து இறங்குவதால் வருவது. உடம்புக்குக் கேடில்லை, ஒயின்தான் பாழ். வினிகர் நெடி தூக்கலாக இருந்தாலும் குறைதான். வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பானமாதிரி மணம் வந்தால் பாட்டிலைத் திறந்து நேரமாகியிருக்கலாம்; முந்தின நாள் திறந்ததையே ஊற்றுவது உண்டு. "இது எப்போது திறந்தது?" என்று மெதுவாகக் கேளுங்கள், நல்ல இடமாக இருந்தால் உடனே புதுப் பாட்டிலைத் திறப்பார்கள்.

நிலவறையில் பீப்பாயிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்கள். வாயெல்லாம் இழுத்துக்கொண்டது. அதுதான் அவர்களுடைய நல்ல ஒயினாமே?

இருக்கலாம். நீளமான கண்ணாடிக் குழாயைப் பீப்பாயின் வாயில் இறக்கி, மேலே கட்டைவிரலால் அடைத்து எடுத்து உங்கள் கிளாஸில் விடுவார்கள். எல்லோருக்கும் அப்படிக் கொடுத்துவிட மாட்டார்கள், அது ஒரு மரியாதை. ஆனால் அது வளர்ந்து முடியாத ஒயின். டானின் இன்னும் இளகவில்லை, கலங்கலாகவும் இருக்கும். அந்தத் துவர்ப்பு எங்கே வரப்போகிறது என்று பார்க்க, அதே ஒயினின் பழைய வருடப் பாட்டில் இருந்தால் பக்கத்தில் ருசி பார்க்கக் கேளுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் குடிக்கும்போதுதான் காலம் ஒயினை என்ன செய்கிறது என்று நாக்குக்குப் புரியும்.

அப்படியென்றால் பழசாகப் பழசாக எல்லா ஒயினும் நன்றாகிவிடுமா? கிளாஸில் வழிகிற கோடுகள் அதைக் காட்டுமா?

இரண்டுக்கும் இல்லை. உலகில் செய்யப்படும் ஒயினில் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் குடிக்க வேண்டியது. புளிப்பும் டானினும் செறிவும், சில வகைகளில் சர்க்கரையும், போதுமான அளவு இருப்பவைதான் பத்து இருபது வருடம் தாங்கும். வாங்கும்போதே "இதை எப்போது குடிப்பது நல்லது?" என்று கேட்டு பாட்டிலில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கோடுகளுக்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை. கிளாஸின் சுவரில் படிந்த மெல்லிய படலத்திலிருந்து ஆல்கஹால் முதலில் ஆவியாகிறது. அதனால் பரப்பு இழுவிசை மாறி ஒயின் மேலே ஏறித் துளியாக இறங்குகிறது. ஜேம்ஸ் தாம்சன் என்ற அறிவியலாளர் 1855லேயே இதை விளக்கிவிட்டார். அதிகபட்சம் ஆல்கஹால் கூடவா குறைவா என்று அது சொல்லும்.

சிவப்பு ஒயின் குடித்தால் தலைவலி. சல்ஃபைட்தானே காரணம்?

பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. சல்ஃபைட் என்பது ஒயின் கெடாமல் இருக்கச் சேர்ப்பது, அதைப் பொதுவாக வெள்ளையில்தான் அதிகம் சேர்ப்பார்கள். ஐரோப்பிய விதிப்படி சாதாரண இனிப்பில்லாத சிவப்பில் லிட்டருக்கு 150 மில்லிகிராம், வெள்ளையில் 200 வரை அனுமதி. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு சல்ஃபைட் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாது, அவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சுற்றுலாவில் வரும் தலைவலிக்கு வெயில், தண்ணீர் குடிக்காதது, காலியான வயிறு, மேலே கூட்டிப் பார்த்த அந்த 250 மில்லி, இவையே போதும். ஒவ்வோர் ஒயினுக்கும் நடுவில் தண்ணீர் குடியுங்கள்.

ருசி பார்த்தால் வாங்கியே ஆகணுமா?

கட்டணம் கொடுத்திருந்தால் கடமை எதுவும் இல்லை. பல இடங்களில் பாட்டில் வாங்கினால் கட்டணத்தைக் கழித்துவிடுவார்கள். காசு வாங்காமல் ஒரு மணி நேரம் கூடவே நின்று ஊற்றிக் கொடுத்தார் என்றால், ஒன்றாவது வாங்கிக்கொள்வது நம் பங்கு. கடையில் கிடைக்காததைப் பார்த்து வாங்குங்கள். சின்ன அளவில் செய்து அங்கேயே விற்றுத் தீர்க்கும் ஒயின் அநேகமாக எல்லா இடத்திலும் ஒன்று இருக்கும். மாதச் சந்தாவில் சேரச் சொன்னால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள், ஊருக்குப் போய் யோசித்துக்கொள்ளலாம்.

வாங்கியதை எப்படிப் பத்திரமாகக் கொண்டுவருவது?

ஒயினுக்கு எதிரி சூடு. ஒரு கோடை நாளில் மூன்று பாட்டிலை கார் டிக்கியில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஒன்றில் கார்க் மேலே தள்ளி நின்றது, லேபிளெல்லாம் ஒயின் கசிந்திருந்தது. ருசி வேகவைத்த பழச்சாறு மாதிரி ஆகிவிட்டது. அதற்கப்புறம் குளிர் தாங்கும் பை இல்லாமல் நான் போவதில்லை. சாப்பிடப் போனால் பாட்டிலையும் உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் பெரும்பாலான இடங்களில் அனுமதி இல்லை, அதனால் பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். எத்தனை பாட்டில் வரியில்லாமல் கொண்டுபோகலாம் என்பது இறங்குகிற நாட்டின் சுங்க விதி. வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அங்கே அமிர்தமாக இருந்தது. வீட்டில் திறந்தால் சாதாரணமாக இருக்கிறதே, ஏமாற்றிவிட்டார்களா?

அநேகமாக இல்லை. முதலில் சூட்டைப் பாருங்கள். நிலவறைக்குப் பக்கத்து அறையில் அவர்கள் சிவப்பை 16, 17 டிகிரியில் ஊற்றியிருப்பார்கள். கோடைக்கால வீட்டில் மேசையில் நின்ற பாட்டில் 28, 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். நன்றாகச் சூடு தணியும்வரை ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். கிளாஸும் அதே மாதிரி வாய் குறுகிய பெரிய கிளாஸாக இருக்கட்டும். பயணத்தில் குலுங்கி வந்த பாட்டிலை ஒரு வாரமாவது அசைக்காமல் விடுங்கள்.

அப்புறம், அன்றைக்குக் கண் முன்னால் தோட்டம் இருந்தது, செய்தவர் பக்கத்தில் நின்றார், உங்களுக்கும் அவசரம் இல்லை. அதெல்லாம் சேர்ந்துதான் அந்த ருசி. நான் இப்போது பிடித்த ஒயினில் இரண்டு பாட்டிலாக வாங்குகிறேன். ஒன்றை ஊருக்கு வந்த மாதமே, கூட வந்தவர்களோடு உட்கார்ந்து, எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டே திறப்பேன். இன்னொன்று ஒரு வருடம் இருட்டில் படுத்திருக்கும்.